களவா மீன் கூப்பிட்ட பெயர்

தூத்துக்குடி பீச் ரோட்டில், பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் நடந்துவந்த மீன் காட்சியகத்தில், கிடா அளவுக்கு வளர்ந்திருந்த ஒரு களவா மீன் மனிதர்களை அவரவர் சின்ன வயசுச் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்த வருஷத்தில், பொன்சீலிக்கு நாற்பத்தொரு வயது, அவளுடைய மகள் கெசியாவுக்கு நாலு வயது, இரண்டு பேரும் தாயும் மகளுமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.

மீன் கூப்பிட்டதை முதலில் கேட்டவள் இசக்கியம்மாள். விடிந்ததும் வந்து தொட்டிகளைத் துடைத்துவிட்டுப் போகிறவள். சித்திரை மாதத்து ஒரு திங்கள்கிழமை, பெரிய தொட்டியின் கீழ்மூலையில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிவிட்டுப் போயிருந்த பிசுபிசுத்த கைத்தடத்தைத் துடைக்கக் குனிந்தபோது அவளுடைய காது கண்ணாடியில் பட்டது. உள்ளே இருந்து, நாற்பது வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போய்ச்சேர்ந்த அவளுடைய அக்காளின் குரலில், "ஏட்டி மூக்குச்சளி" என்று களவா கூப்பிட்டது. "வாரேங்க்கா" என்று பதில் சொல்லிவிட்டு, மிச்சக் கண்ணாடியையும் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போட்டு, வாளியை மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்து வைத்தபிறகு, பத்து மணிக்கு டீ வந்தபோதுதான் அவள் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தொம்மையிடம் அதைச் சொன்னாள்.

"உங்க களவா என்னைய மூக்குச்சளின்னு கூப்பிடுது."

"தண்ணி மாத்தி நாலு நாளாச்சு, அதனால இருக்கும்" என்று தொம்மை எழுந்துபோய்க் காதை வைத்தான். களவா பாறைக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்து, தடித்த உதட்டைத் திறந்து மூடி, சங்கு குளிக்கப்போய்த் திரும்பாத அவனுடைய அப்பனின் குரலில், "ஏல பூனைக்கண்ணா" என்றது. டீயில் ஆடை கட்டிப்போகும்வரை தொம்மை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஒரு வாரத்தில் வரிசை பழைய துறைமுக வாசல்வரை போய்விட்டது. உப்பளத்து ஆட்கள் வந்தார்கள், வலை கட்டுகிறவர்கள் வந்தார்கள், காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள், வக்கீல்கள் கறுப்புக் கோட்டோடு வந்தார்கள், நடக்கமாட்டாதவர்களை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கண்ணாடியில் காதை வைத்தவருக்கு மட்டும்தான் கேட்கும். பக்கத்தில் இன்னொருவர் காதை வைத்தால் அவருக்கும் கேட்கும். ஆகவே புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து காது வைத்தார்கள், இருபது வருஷம் குடும்பம் நடத்தியபிறகு, தான் கட்டிக்கொண்டது ஒரு 'அப்பளக்குட்டி'யை என்றும் ஒரு 'சப்பாணி'யை என்றும் தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒருவரையொருவர் புதுசாகப் பார்த்தபடி போனார்கள்.

கடல் ஆராய்ச்சிக்காரர்கள் மூன்று பேர் கருவிகளோடு வந்து இரண்டு நாள் பதிவுசெய்தார்கள். கருவியில் நீர்க்குமிழிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் விழவில்லை. மூன்றாம் நாள் அவர்களில் மூத்தவர், மற்ற இருவரும் சாப்பிடப் போன நேரத்தில், காதை வைத்துக் கேட்டார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அனுப்பிய அறிக்கையில், "மீன் நலமாக உள்ளது. தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று இரண்டே வரிகள் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

ஒருவரை ஒரு தடவைதான் அது கூப்பிடும் என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. மறுபடி போய் எத்தனை நேரம் காதை வைத்தாலும், களவா மரியாதையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடும். குள்ளமானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொம்மை ஒரு முக்காலி போட்டான். சாயங்காலமானால் கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கில் நூற்றுக்கணக்கான காதுகள் பதிந்திருக்கும். விடிந்து வந்து அவற்றைத் துடைக்க மட்டும் இசக்கியம்மாளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அழுத்தித் துடைக்க அவளுக்கு மனசு வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளையின் படிப்புக்குக் கீழே அவனுடைய செல்லப்பெயரும் அச்சாயிற்று. இறந்தவர்களுக்கு ஒட்டும் போஸ்டரில், "எங்கள் அன்பு உருண்டை" என்று எழுபது வயசுக்காரரின் படத்துக்கு மேலே போட்டார்கள், யாரும் சிரிக்கவில்லை. ஒரு இன்ஸ்பெக்டர் தன்னுடைய பெயர் 'சுண்டெலி' என்று தெரிந்த நாளிலிருந்து கையை ஓங்குவதைக் குறைத்துக்கொண்டார். சொத்துத் தகராறில் பதினோரு வருஷம் பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும், வரிசையில் முன்னும் பின்னுமாக மாட்டிக்கொண்டு, ஒரே அம்மாவின் குரலை ஒருவர்பின் ஒருவராகக் கேட்டுவிட்டு, வெளியே வந்து ஒரே சர்பத்துக் கடையில் நின்றார்கள். வழக்கு என்னவோ இன்னும் நடக்கத்தான் செய்கிறது, ஆனால் கோர்ட்டுக்கு இப்போது ஒரே பைக்கில் போகிறார்கள்.

செல்லப்பெயரே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. அநாதை விடுதியில் வளர்ந்த ஒரு லாரி டிரைவர் தயங்கித் தயங்கி வந்து நின்றான். களவா அவனை வெகுநேரம் பார்த்தது. வரிசையில் நின்றவர்களுக்கே சங்கடமாகிவிட்டது. கடைசியில் விடுதிச் சமையல்காரரின் குரலில் "வாய்யா, கடைசிப் பந்தி" என்றது. எந்த வேளையும் பிந்தி வந்து நின்ற பையனுக்கு அந்த மனிதர் அடிச்சோறு எடுத்துவைத்துக் காத்திருந்திருக்கிறார். அன்று முதல் அந்த லாரியின் நெற்றியில் 'கடைசிப் பந்தி' என்று எழுதியிருந்தது. யாரும் கூப்பிடாத மனிதர் ஒருவரும் இல்லை என்று ஊர் நிம்மதியடைந்தது.

பொன்சீலி ஒருத்திக்குத்தான் அந்தச் செய்தி நிம்மதி தரவில்லை.

அவள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடுகிற வேலை பார்த்தாள். காலை எட்டரையிலிருந்து சீட்டைப் பார்த்து, "முத்துக்காளை… சரோஜினி… அந்தோணி மிக்கேல்…" என்று கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். பதினாறு வருஷத்தில் அவள் கற்றது ஒன்று உண்டு. தன்னுடைய பெயரைக் கேட்டவர், கண்ணில் மருந்து விட்டு மூடியிருந்தாலும், தூங்கி வழிந்துகொண்டிருந்தாலும், முதல் கூப்பிட்டிலேயே தலையைத் திருப்பிவிடுவார். கெசியா மூன்றாவது கூப்பிட்டுக்குத்தான் திரும்பினாள். அதுவும், யாரையோ கூப்பிடுகிறார்கள், சரி, நாம் போவோம் என்பதுபோல.

ஏதோ ஒரு பஸ் நிலையத்தில், ஒன்றரை வயசில், கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறோடு கிடைத்த பிள்ளை. விடுதியில் ஒரு வருஷம் இருந்தது. அங்கே ஒரு பெயர் வைத்தார்கள், தத்தெடுத்த பொன்சீலியும் புருஷனும் பைபிளில் தேடி ஒரு பெயர் வைத்தார்கள். இவை இரண்டுக்கும் முன்னால் ஒரு பெயர் இருந்திருக்கும். அந்தப் பெயருக்கு ஒரு குரல் இருந்திருக்கும்.

குரல் என்ன செய்யும் என்பது பொன்சீலிக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் பெண்களோடு ஒரு மதியம் அவளும் போய்க் காதை வைத்திருந்தாள். "ஏ பொரிகடலை" என்று அப்பாவின் குரல் வந்தது. வெள்ளை உப்பு காய்ந்த கையை உதறிவிட்டு, வீட்டுக்குள் நுழையுமுன்பே அவர் கூப்பிடும் கூப்பாடு. கவுன் பையில் எப்போதும் பொரிகடலையோடு திரிந்த அவளை அப்படித்தான் அழைப்பார். அவர் போய்ப் பதினெட்டு வருஷம். அந்தப் பெயரும் அவரோடே போய்விட்டதாக அவள் நினைத்திருந்தாள். அன்றிலிருந்து மூன்று நாள் அவள் இந்த வீட்டில் இல்லை. உலையில் அரிசி போட மறந்தாள், பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், உப்பளத்து வீட்டின் தகர வாசலும், அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து பார்த்த வெள்ளை உப்புக் குவியல்களும், குவியலுக்குப் பின்னால் இறங்கும் சூரியனும், அவளைச் சுற்றிச்சுற்றி வந்தன. புருஷனும் பிள்ளையும் ஏதோ ஒரு வீட்டுக்கு விருந்து வந்தவர்கள்போலத் தூரத்தில் தெரிந்தார்கள்.

நாற்பத்தொரு வயசுக்காரிக்கே இப்படியென்றால், நாலு வயசுப் பிள்ளை போனால் திரும்பி வருமா?

ஆகவே அவள் கெசியாவை அங்கே கூட்டிப்போகவில்லை. பீச் ரோடு பக்கம் போவதையே விட்டாள். எதிர்வீட்டுச் சொர்ணம், "என்னம்மா, ஊரே போயிட்டு வந்துட்டு, உங்க வீட்டுப் பிள்ளைய மட்டும் இன்னும் மீன் பாக்கலியே?" என்று கேட்டபோது, "அவளுக்கு இருட்டுன்னா பயம்க்கா" என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து எல்.கே.ஜி. பிள்ளைகளை வேனில் கூட்டிப்போன அன்று, காய்ச்சல் என்று சீட்டு எழுதிக்கொடுத்துப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் புருஷன் ராஜபால் நிதானமான ஆள். மீன் தன்னைக் 'கருவாடு' என்று கூப்பிட்டதை ஷிப்ட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவர். அவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"எத்தனை நாளைக்கு ஒளிச்சு வைப்ப, சீலி?"

"நான் எதையும் ஒளிக்கல."

"அது அவளுக்கு உள்ள பேருல்லா. நம்ம கொடுத்ததா, நாம பூட்டி வைக்கதுக்கு?"

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுக் கிரேன்ல ஏறிருவீங்க. அவ ராத்திரி முழிச்சு அந்தக் குரலைத் தேடுனா, பக்கத்துல படுத்திருக்கது நான்."

ராஜபால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கடைசியில் கேட்டது கெசியாவேதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்று சொன்னாள்: "அம்மா, மீனு எல்லாரையும் கூப்பிட்டுச்சாம். ஜோவனைக் கூப்பிட்டுச்சாம். சுபிக்ஷாவைக் கூப்பிட்டுச்சாம். மிஸ்ஸைக் கூப்பிட்டுச்சாம். என்னைய மட்டும் கூப்பிடல. என்னைய அதுக்குப் பிடிக்காதாம்மா?"

அதைக் கேட்டுவிட்டு வீட்டில் இருக்க முடியுமா? சனிக்கிழமை மதியம் பிள்ளைக்கு நீல கவுன் போட்டு, தலையை வாரி, தண்ணீர்ப் பாட்டிலும் தின்ன ஒரு பொட்டலம் மக்ரூனும் பையில் வைத்துக்கொண்டு, பொன்சீலி பஸ் ஏறினாள். ராஜபாலுக்கு ஷிப்ட். அவர் இல்லாததும் நல்லதுக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

உள்ளே குளிர்ந்து, இருட்டாக, ஈரச் சாக்கின் வாடையாக இருந்தது. வரிசை சின்னச் சின்னத் தொட்டிகளை ஒட்டியே நகர்ந்தது. கெசியா ஒவ்வொரு தொட்டியிலும் மூக்கை வைத்தாள். கடல்குதிரையைப் பார்த்து, "இதுமேல யாரு ஏறுவா?" என்று கேட்டாள். கோமாளி மீனிடம் தன்னுடைய கவுனைக் காட்டினாள். விலாங்கு பொந்துக்குள் தலையை இழுத்துக்கொண்டதும், "சாரி" என்றாள். பிறகு, "மீனுக்குத் தாகம் எடுத்தா என்ன செய்யும்?" "அழுதா கண்ணீர் எங்க போகும்?" "அதுக்குத் தாலாட்டு யாரு பாடுவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பொன்சீலி பாதிக்கு 'ம்' கொட்டினாள், பாதிக்கு, "தெரியலையே கண்ணு" என்றாள். இந்த வரிசை இப்படியே கடலைச் சுற்றிப் போய், முடியாமலே இருந்தால் என்ன என்று நினைத்தாள். பிள்ளையின் கை அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்திருந்தது.

பெரிய தொட்டி வந்தது. தொம்மை முக்காலியைத் தள்ளிப் போட்டான். "ஏறுங்க தாயி. காதை நல்லா ஒட்டி வைங்க. பயப்படக்கூடாது."

கெசியா ஏறிக் காதை வைத்தாள். தான் கேட்கக் கூடாது, அது பிள்ளைக்குரியது என்று பொன்சீலி வழியெல்லாம் முடிவுசெய்துகொண்டு வந்திருந்தாள். ஆனால் கெசியா அவளுடைய சேலைத்தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "நீயும் வைம்மா."

குனிந்து அவளும் வைத்தாள். இரண்டு முகமும் எதிரெதிராக, மூக்கோடு மூக்கு இடிக்க, கண்ணாடியின் குளிர்ச்சி கன்னத்தில் ஏற, அவள் பிள்ளையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். களவா வந்தது. அதன் புள்ளி விழுந்த பெரிய தலை கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்றது. செவுள் ஒருமுறை விரிந்து மூடியது.

"ஏ… சித்தெறும்பூ…"

பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பெண்ணின் குரல். கொஞ்சம் கரகரப்பு. முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்து வைத்துக்கொண்டு பிள்ளையை விளையாட்டுக்கு அழைக்கிறவள்போல, பெயரின் கடைசியில் ஒரு சிரிப்பு. ஒன்றரை வருஷமாகப் பொன்சீலி, பிள்ளையைப் பெற்ற அந்தப் பெண்ணைக் கல்நெஞ்சுக்காரியாக நினைத்துப் பார்த்திருக்கிறாள், பாவியாக, நோயாளியாக, செத்துப்போனவளாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். சிரிக்கிறவளாக ஒருநாளும் நினைத்ததில்லை.

"ஓய்!" என்றாள் கெசியா, அந்தக் கணமே. சொல்லிவிட்டு மீனைப் பார்க்கவில்லை. முக்காலியில் நின்றபடியே திரும்பி, வரிசையில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி முகம்வரை பார்த்தாள். பிறகு பொன்சீலியின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"அம்மா எங்க?"

'நான் இங்கதானே இருக்கேன்' என்ற சொல் பொன்சீலியின் தொண்டைவரை வந்தது. அதை அவள் முள்ளோடு மீனை விழுங்குவதுபோல விழுங்கினாள். வழக்கமாக 'அடுத்தாள்' என்று குரல் கொடுக்கும் தொம்மை, தொட்டியின் குழாயைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னொரு வாட்டி கூப்பிடச் சொல்லும்மா."

"அது ஒருத்தரை ஒரு வாட்டிதான் கூப்பிடும் கண்ணு."

கெசியா மறுபடி காதை வைத்தாள். களவா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனது. பிள்ளை கண்ணாடியைத் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். பிறகு வாய் கோணி, மூச்சு உள்ளேயே நின்று, வெடித்து அழுதாள். இந்த ஒன்றரை வருஷத்தில் விழுந்தாலும் அடிபட்டாலும் அப்படி அழுததில்லை.

பொன்சீலி ஈரச் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். பிள்ளையை இறக்கி முன்னால் நிறுத்திக்கொண்டு, பதினாறு வருஷம் ஊரார் பெயரைக் கூப்பிட்ட தொண்டையால், முதல்முறையாகத் தெரியாத பெயரைக் கூப்பிடுகிறவள்போலக் கூப்பிட்டாள்.

"சித்தெறும்பே."

அழுகை நின்றது. கெசியா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அப்டி இல்ல."

"பின்ன எப்படி?"

"இழுக்கணும்."

"சித்தெறும்பூ…"

"'ஏ' போடணும். சிரிச்சிக்கிட்டே சொல்லணும்."

அதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருக்கிறபோது, யாரோ ஒரு சின்னப் பெண் என்றோ ஒரு நாள் சந்தோஷமாக இருந்தபோது சிரித்த சிரிப்பை, அதே இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பொன்சீலி சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அந்தப் பெண் எதை மறைத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு ரொட்டித் துண்டாக இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே இருந்திருக்காது, வெறுங்கையைத்தான் மறைத்திருப்பாள். அந்த நினைப்பு வந்ததும், பைக்குள்ளிருந்து ஒரு மக்ரூனை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"ஏ… சித்தெறும்பூ…"

கெசியா அவளையே பார்த்தாள். பிறகு, "ஓய்" என்று மெதுவாகச் சொல்லி, பின்பக்கமாகச் சுற்றிப்போய், அவளுடைய விரல்களைப் பிரித்து மக்ரூனை எடுத்துக்கொண்டாள். வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தொம்மை, "அடுத்தாள் வாங்க" என்றான்.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே கடல் அசையாமல், தகரம்போலக் கிடந்தது.

"மீனுக்குள்ள இருந்து கூப்பிட்டது யாரும்மா?"

விடுதிக்காரர்கள், தக்க வயசில் பிள்ளையிடம் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தக்க வயசு என்றால் பத்து, பன்னிரண்டு என்று பொன்சீலி தள்ளிவைத்திருந்தாள்.

"உன்னையப் பெத்த அம்மா. நீ எங்ககிட்ட வரதுக்கு முந்தி அவகிட்டதான் இருந்த. அவ உன்னைய அப்படித்தான் கூப்பிட்டிருக்கா."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியல தாயி. சத்தியமா எனக்குத் தெரியல."

கெசியா மக்ரூனின் நுனியைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "அவங்க பேரு என்ன?"

"அதுவும் தெரியல."

"அப்ப அவங்கள யாரு கூப்பிடுவா?"

இத்தனை நாள் அந்தப் பெண்ணைப் பற்றி எத்தனையோ நினைத்த பொன்சீலி, இதை நினைத்ததில்லை. எங்கோ ஒரு ஊரில், ஒரு சாயங்காலத்தில், யாரும் கூப்பிடாமல் நடந்துபோகிற ஒரு பெண்.

"நாம கூப்பிடுவமா?" என்றாள் கெசியா.

"பேரு தெரியாம எப்படிக் கூப்பிட?"

"நாம வைப்போம்." பிள்ளைக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "நான் சித்தெறும்பு. அவங்க பெரியெறும்பு."

பொன்சீலிக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்குமுன்பே கேட்டுவிட்டாள்: "அப்ப நான்?"

கெசியா, இதென்ன கேள்வி என்பதுபோல அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "நீ அம்மால்லா."

பிறகு பலகையின்மேல் ஏறி நின்றுகொண்டாள். எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட வேண்டும் என்று தெரியாததால், ஊருக்கு வருகிற ரோட்டைப் பார்த்துத் திரும்பினாள். பொன்சீலியும் எழுந்து பக்கத்தில் நின்றாள். "ஏ… பெரியெறும்பூ…" என்று இருவரும் சேர்ந்து இழுத்துக் கூப்பிட்டார்கள், கடைசியில் சிரிப்பு வரவேண்டும் என்று பிள்ளை சொன்னதால் மறுபடியும் கூப்பிட்டார்கள். பஸ் வந்து நின்றது. ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருப்பது அந்த ஊரில் அப்போது வழக்கமாகியிருந்ததால், கண்டக்டர் ஒரு காலைப் படியில் வைத்தபடி, விசிலை உதட்டில் ஊதாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.